விரதமும் வயிறும் என் மாத்திரை டப்பாவும்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் மாடி ஹாலில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால், பேசியதை ஒட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பராமரிப்புக் கட்டணம் பற்றி நடுவில் எழுந்த சிறு வாக்குவாதத்தை மட்டும் விட்டுவிட்டேன்.)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் 34 வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வயிற்றைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே தகுதிதான். பட்டினி கிடந்து நடுரோட்டில் மயங்கி விழப் பார்த்தவன் நம் குடியிருப்பில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இது வெளியே தெரியக் கூடாது என்று மூன்று வாரம் மறைத்தும் வைத்திருந்தேன்.

லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டைப் பார்த்திருப்பீர்கள். இளைஞர் குழு '48 நாள் விரதச் சவால்' என்று ஒட்டியிருக்கிறது. பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது. ஆங்கிலத்தில் இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் என்கிறார்கள். ஃபிளாட் எண் போட்டு வாரா வாரம் எடையை எழுத ஒரு சார்ட்டும் தயார். நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அந்த சார்ட்டைப் பார்த்த அன்றே செயலாளரிடம் இருபது நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார். கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 11 வருடமாகச் சர்க்கரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மாத்திரை. அதில் மெட்ஃபார்மினோடு கிளிமிப்பிரைடு என்ற மருந்தும் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது பெயரை மறக்காதீர்கள், பின்னால் வரும். போன வருடம் புரட்டாசியில் மருமகன் ஒரு வீடியோ அனுப்பினார். பதினாறு மணி நேர விரதம் இருந்தால் எடை குறையும், சர்க்கரை இறங்கும், குடல் சுத்தமாகும், செல்கள் புதுப்பிக்கப்படும், இதற்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள் என்று அதில் ஒருவர் சொன்னார். மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். காலை 11 முதல் மாலை 7 வரைதான் சாப்பாடு. டாக்டரிடம் சொல்லவில்லை. சாப்பிடாமல் இருப்பதற்குக் கூடவா டாக்டரைக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

ஆறு வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். கீழே பெஞ்சில் உட்காரும் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். உங்களில் நாலைந்து பேருக்கு நானே அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐப்பசிப் பௌர்ணமி. கூட்டம் சேருவதற்குள் முடித்துவிடலாம் என்று விடியற்காலை ஐந்து மணிக்கே கிரிவலம் கிளம்பினேன். முந்தின நாள் இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டது. அதுவும் இரண்டு இட்லி. ஆதி அண்ணாமலை தாண்டும்போது மணி ஏழு. வழக்கமான நேரம் என்பதால் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துச் சர்க்கரை போடாத டீயோடு விழுங்கினேன். சாப்பாட்டு நேரத்தைத்தான் பதினொன்றுக்கு மாற்றியிருந்தேன். மாத்திரை நேரம் அதன் பழைய இடத்திலேயே இருந்தது. கணக்குப் படித்தவன் செய்கிற வேலையா இது? வரவை நாலு மணி நேரம் தள்ளிப் போட்டுவிட்டு, செலவைப் பழைய தேதியிலேயே எழுதியிருக்கிறேன்.

வாயு லிங்கம் தாண்டியதும் வியர்த்தது. நடக்கிறோம், வியர்க்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு கை நடுங்கியது. காரணமே இல்லாமல் எரிச்சல் வந்தது. எதிரே வந்த சிறுவன் மேலே இடித்ததற்கு அவனைக் கண்டபடி திட்டினேன். குபேர லிங்கத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். கடைக்கார அம்மா மீதிச் சில்லறை கொடுத்தார். அதை என்னால் எண்ண முடியவில்லை. 34 வருடம் நோட்டு எண்ணிய கை இது. உள்ளங்கையில் நாலு காசு இருக்கிறது, எவ்வளவு என்று தெரியவில்லை. அப்படியே பெஞ்சில் சரிந்துவிட்டேன்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கும் சர்க்கரையாம். என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "பெரியவரே, சுகர் இருக்கா? மாத்திரை போட்டீங்களா? சாப்டீங்களா?" மூன்று கேள்விதான். பதிலுக்குக்கூடக் காத்திராமல் டம்ளரில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டம்ளர். பிறகு ஓர் ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த டாக்டரிடம் அனுப்பினார். அங்கே சோதித்தபோது 68. இரண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணீருக்குப் பிறகு 68 என்றால், அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று அந்த டாக்டர் என்னையே கணக்குப் போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கால் வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த ஆட்டோக்காரர், நான் வண்டியில் விட்டுவந்த துண்டைத் துவைத்து மடித்து நம் கேட்டில் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர் செக்யூரிட்டியிடம் நடந்ததையும் முழுக்கச் சொல்லிவிட்டார். செக்யூரிட்டி என் மனைவியிடம், "அம்மா, ஐயாவுக்கு இப்ப உடம்பு தேவலையா?" என்று கேட்டிருக்கிறார். அன்று மாலை வீட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மயங்கியதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டும்.

அந்த நோபல் பரிசு விஷயம் பாதி உண்மை. 2016-இல் ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமி என்பவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. செல் தன்னுள் சேரும் பழைய, பழுதான பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. அது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காகக் கொடுத்தார்கள். அவர் அதைக் கண்டது ஈஸ்டில், அதாவது பன் உப்பப் போடுகிறோமே, அந்த நுண்ணுயிரில். உணவு கிடைக்காதபோது ஈஸ்ட் இந்த வேலையை முடுக்கிவிடுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் திருவண்ணாமலையில் இருக்கும் 66 வயதுக்காரர் காலை டிபனைத் தவிர்த்தால் இன்ன பலன் என்று அந்தப் பரிசு எங்கேயும் சொல்லவில்லை.

மனிதர்களிடம் செய்து பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. 2020-இல் அமெரிக்காவில் 116 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட வேண்டும். மறுபாதி வழக்கம்போல மூன்று வேளை. 12 வாரம் கழித்து விரதக்காரர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவாக எடை இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விரதக்காரர்களில் சிலரை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தபோது, இறங்கிய எடையில் பெரும்பங்கு கொழுப்பு அல்லாத எடை, அதில் தசையும் சேர்த்தி என்று தெரிந்தது. 2022-இல் சீனாவில் 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். இரண்டு தரப்புக்கும் உணவின் அளவைக் குறைத்து, ஒரு தரப்பை மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை சாப்பிட வைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் எடை குறைந்தது. நேரம் பார்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதலாகக் குறிப்பிடும்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொன்று நம்பிக்கை தருவது. 2018-இல் அமெரிக்காவில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற ஆண்களை மாலை மூன்று மணிக்குள் அன்றைய சாப்பாட்டை முடிக்கச் செய்தார்கள். ஐந்து வாரத்தில் எடை குறையாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்தது, இரத்த அழுத்தமும் இறங்கியது. ஆனால் ஆய்வை முடித்தவர்கள் எட்டே பேர். எட்டுப் பேரை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது. என்றாலும் ஒரு விஷயம் அதில் இருக்கிறது. காலை டிபனை விடுவதைக் காட்டிலும் இரவுச் சாப்பாட்டை முன்னால் இழுப்பது நல்லதாக இருக்கலாம்.

இதைப் படித்தபோது பழைய சக ஊழியர் ஒருவர் நினைவுக்கு வந்தார். ஆரணிப் பக்கம் ஒரு கிளையில் சில வருடம் இருந்தேன். அவர் தமிழ்ச் சமணர். நம் மாவட்டத்தில் ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கமெல்லாம் நயினார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. போளூர் அருகே திருமலையில் அவர்களுடைய மடமும் பெரிய நேமிநாதர் சிலையும் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிட மாட்டார். அரையாண்டு முடிவில் கணக்கு நேராகாமல் ராத்திரி வரை உட்கார்ந்திருப்போம். நாங்கள் பரோட்டா வரவழைப்போம். அவர் ஐந்தரைக்கே டிபன் பாக்ஸைத் திறந்து முடித்துவிட்டுப் பேனாவைப் பிடிப்பார். நாங்கள் கேலி செய்வோம். பூச்சிக்கும் புழுவுக்கும் கேடு வரக் கூடாது என்பது அவர்கள் காரணம். அவருக்கு அது சவாலும் இல்லை, சார்ட்டும் இல்லை. பிறந்த வீட்டுப் பழக்கம், அவ்வளவுதான்.

நாம் விரதத்துக்குப் புதியவர்களா என்ன? ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம், கிருத்திகை என்று மாதத்தில் பாதி நாள் நம் வீடுகளில் ஏதோ ஒரு விரதம். கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையில் ஜோதி தெரியும்வரை பச்சைத் தண்ணீரோடு இருப்பவர்கள் இந்த ஹாலிலேயே இருக்கிறீர்கள். ஆனால் நம் விரதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பகல் முழுக்க ஒன்றும் இல்லை, சாயங்காலம் அடை, அப்பம், பொரி உருண்டை, நாலு வடை, அதற்கு மேல் பாயசம். என் மனைவியின் கிருத்திகை அப்படித்தான். இதைச் சொன்னதற்காக இன்று இரவு எனக்கு விரதம்தான்.

விரதத்துக்கும் விருந்துக்கும் நடுவே வயிறு படும் பாட்டுக்கு நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. நல்வழியில் ஔவையார் வயிற்றிடம் சண்டை போடும் பாட்டு பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு நாள் பட்டினி கிட என்றால் கிடக்க மாட்டாய், இரண்டு நாளுக்கு ஏற்றுக்கொள் என்றால் ஏற்க மாட்டாய், உன்னோடு வாழ்வது கஷ்டம் என்பது அதன் கருத்து. ரமணாசிரமத்தில் ஒரு சித்ரா பௌர்ணமி விருந்தில் எல்லோரும் மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒருவர் இந்தப் பாட்டைச் சொன்னாராம். ரமணர் அதைத் திருப்பிப் போட்டு, வயிறு உயிரிடம் புகார் சொல்வதாக ஒரு பாட்டு எழுதினார். ஒரு நாழிகைகூட எனக்கு ஓய்வு தர மாட்டேன் என்கிறாயே, உன்னோடு இருப்பதுதான் கஷ்டம் என்று வயிறு சொல்கிறது. எனக்கு ரமணர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. வயிறு வேலைக்காரன். லோடு ஏற்றுவது நாம்.

வயிற்றுக்கு ஓய்வு என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. சாப்பிட்டது இரைப்பையை விட்டு நகர இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகும். அது காலியான பிறகு, ஏறக்குறைய ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசிவரை ஒரு அலை மெதுவாக ஓடுகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் மீதியையும் தேவையில்லாத கிருமிகளையும் கீழே தள்ளிக்கொண்டு போகிறது. ராத்திரி கடை மூடிய பிறகு கூட்டிப் பெருக்குவது போல. பசி நேரத்தில் வயிறு உருளுகிறதே, அதில் இந்த அலைக்கும் பங்கு உண்டு. ஆனால் நடுவில் ஒரு பிஸ்கட்டைப் போட்டால் போதும், பெருக்குவது நின்றுவிடும், கடை மறுபடி திறந்துவிடும். நான் வேலையில் இருந்தபோது பத்தரைக்கு டீ, பன்னிரண்டுக்கு டீ, மூன்றரைக்கு டீயும் பஜ்ஜியும், ஐந்துக்கு மறுபடி டீ. வீட்டுக்கு வந்தால் மிக்சர். பெருக்குகிறவனுக்கு உள்ளே வர வழியே இல்லை. எனக்கு ஏன் எப்போதும் வயிறு உப்புசம் என்று இருபது வருடம் கழித்துத்தான் விளங்கியது.

உப்புசத்துக்கு நான் கண்ட வைத்தியம் கேஸ் மாத்திரை. மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறோம். அமிலத்தைக் குறைக்கும் இந்த மாத்திரையை நெடுநாள் எடுத்தால் உடம்பில் பி12 குறைய வாய்ப்பு உண்டு. மெட்ஃபார்மினுக்கும் அதே குணம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு முதலிலேயே பி12 வரத்து குறைவு. மூன்றும் சேர்ந்தவர் நம் குடியிருப்பில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளங்கால் மரத்துப் போவதைச் சர்க்கரை மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறோம். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது இதையும் பார்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். கேஸ் மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், அதையும் கேட்டே செய்யுங்கள்.

குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். ஒரு மனிதனில் சுமார் 38 லட்சம் கோடி இருக்கும் என்று 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது நாமே ஒரு அப்பார்ட்மெண்ட். உள்ளே இருப்பவர்களுக்கு வேண்டியது நார்ச்சத்து. நம்மால் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடலில் அவை புளிக்க வைத்து, குடல் சுவருக்கு உணவாகும் சில அமிலங்களைத் தருகின்றன. நார் வராத வீட்டில் அவை சிரமப்படும். வெள்ளை அரிசிச் சோறும் ரவை உப்புமாவும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, பாட்டிலில் விற்கும் நல்ல கிருமிகளை விலை கொடுத்து வாங்குகிறோம். குடிவருபவர்களுக்கு வாசலில் மேளம் அடித்துவிட்டு, உள்ளே குழாயில் தண்ணீர் விடாத கதை.

நார் நம் ஊரில் கிடைக்காத பொருளா? வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரை, சுண்டைக்காய், அவரை, கொள்ளு. சவ்வாது மலைச் சாமை நம் மாவட்டத்துச் சரக்கு. அவித்த மல்லாட்டை, சீசனில் தேரடி வீதியில் கூடை கூடையாக வைத்திருப்பார்கள். நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் போனால் நல்லது என்கிறார்கள். ஒரேயடியாக ஏற்றாதீர்கள். நான் ஒரு வாரத்தில் சோற்றை விட்டுச் சாமைக்குப் போய், மூன்று நாள் காற்று நிரப்பிய டியூப் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வாரத்துக்கு ஒரு வேளை என்று கூட்டுங்கள். தண்ணீரும் கூட வேண்டும்.

பழைய சோற்றைப் பற்றி டி பிளாக் அக்கா கேட்டார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனை டாக்டர்கள், குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறார்கள். நம் பாட்டிகளின் மண்சட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போனதில் எனக்கும் சந்தோஷம்தான். இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்து புளிக்கும்போது நல்ல நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வகையாகவும் மாறுகிறது. ஆனால் சோறு சோறுதான். சர்க்கரைக்காரர் கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டு மருந்து சாப்பிட்டதாக நினைக்கக் கூடாது. கூடவே நாலு மோர் மிளகாய், ஊறுகாய் என்றால் உப்புக் கணக்கு என்ன ஆகும்? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், என்கிறது உலக சுகாதார நிறுவனம். இட்லியும் புளித்த உணவுதானே என்று கேட்பீர்கள். மாவில் உயிரோடு இருந்தவை ஆவியில் வெந்ததும் போய்விடும். இட்லி செரிக்க எளிது, அந்தப் பெருமை அதற்குப் போதும். உயிருள்ள நுண்ணுயிர் வேண்டுமென்றால் மோர் இருக்கிறது.

இனி மாத்திரைப் பெயரைச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். இதுதான் நான் இங்கே நிற்கும் காரணம்.

சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒன்று இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிமிப்பிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தை அழுத்தி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலின் ஊசியும் அப்படியே. இவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என் குபேர லிங்கத்துக் கதைதான். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புது வகை மாத்திரைகள், அதாவது 'கிளிஃப்ளோசின்' என்று பெயர் முடிபவை, இன்னொரு விதத்தில் ஆபத்து. நெடுநேரப் பட்டினியில் அவற்றால் ரத்தத்தில் அமிலம் ஏறும் நிலை வரலாம். பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர் தண்ணீரும் குடிக்காமல் விரதம் இருந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழலாம். நம் வயதில் ஒரு விழுதல் என்றால் இடுப்பு எலும்பு.

ஏ பிளாக்கில் இருக்கும் பாய் ஒருவர், என் வயதுக்காரர், என் கதை தெரிந்ததும் சிரித்தார். "நாங்க ரமலானுக்கு ஒன்றரை மாசம் முந்தியே டாக்டரைப் பார்த்துடுவோம் சார். எந்த மாத்திரையை சஹருக்கு மாத்தணும், எதைக் குறைக்கணும்னு எழுதி வாங்கிட்டுத்தான் நோன்பே" என்றார். சர்க்கரை நோய் மருத்துவர்கள் ரமலானுக்கென்றே தனி வழிமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? ஆறு நாள் கந்த சஷ்டி இருப்பவர் சொன்னதுண்டா? 11 வருடத்தில் நான் சொன்னதில்லை. டாக்டர் கேட்டதும் இல்லை. அவர் அறையில் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் நாம்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று எல்லா வீட்டிலும் தெரிந்திருக்கட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் மங்கல், திடீர்க் கோபம், பேச்சுத் தடுமாற்றம். சோதித்து 70-க்குக் கீழே இருந்தால், அல்லது கருவி இல்லையென்றால் சோதிக்காமலே, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தேறவில்லையென்றால் இன்னொரு முறை. தேறியதும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-க்குக் கூப்பிடுங்கள்.

இன்னும் ஒன்று. எடை தானாகக் குறைவது, மலத்தில் ரத்தம், கறுப்பாகப் போவது, விழுங்கச் சிரமம், ஐம்பது தாண்டிய வயதில் மலம் கழிக்கும் வழக்கம் திடீரென்று மாறுவது. இவற்றுக்கு விரதமும் மோரும் வைத்தியம் இல்லை. விரதத்தால்தான் எடை குறைகிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு நோயைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று சிலர் கேட்டார்கள். டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள். காலை டிபன் ஏழரைக்கு. பன்னிரண்டு மணி நேர இடைவெளி தானாகவே வந்துவிடுகிறது, அதற்கு விரதம் என்று பெயர்கூட வைக்கவில்லை. நடுவில் டீ ஒரு முறைதான், பிஸ்கட் கிடையாது. ஒவ்வொரு வேளையிலும் பருப்போ சுண்டலோ முட்டையோ ஏதாவது ஒன்று, தசை கரையாமல் இருக்க. தினம் இரண்டு முறை படியேறுகிறேன். இழந்த மூன்று கிலோவில் ஒன்றரை திரும்பி வந்துவிட்டது. ஆனால் இடுப்பளவு 97-லிருந்து 93 சென்டிமீட்டர். நம் ஆண்களுக்கு 90-க்குள், பெண்களுக்கு 80-க்குள் இருந்தால் நல்லது. இதை என்னால் எழுபத்தைந்து வயதிலும் செய்ய முடியும் என்று தோன்றுகிறது. 48 நாள் சவாலில் எனக்குப் பயம், 49-ஆவது நாள் என்ன நடக்கும் என்பதுதான். போன ஆறு வாரத்தில் எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு 49-ஆவது நாளாக இருந்தது. சரியாகப் பதினொன்று அடித்ததும் பூரி ஆறு.

கிரிவலத்தையும் சொல்லிவிடுகிறேன். 14 கிலோமீட்டர் நடந்தால் என் எடைக்கு எழுநூறு, எண்ணூறு கலோரி செலவாகும். வழியெல்லாம் அன்னதானம். புளியோதரை, கேசரி, சாம்பார் சாதம். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வராது. ஒரு இடத்தில் வாங்கி, உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிடுங்கள். எட்டு லிங்கத்துக்கும் எட்டுத் தொன்னை என்று கணக்கு வைக்க வேண்டாம்.

இளைஞர் குழுத் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்களுக்கு முப்பது வயது, மாத்திரை கிடையாது. உங்கள் விருப்பப்படி செய்து பாருங்கள். ஆனால் கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், முன்பு சாப்பாட்டில் பிரச்சினை இருந்தவர்கள், மாத்திரைக்காரர்கள் எல்லோரும் இதே லிஃப்டில்தான் போய் வருகிறோம். போர்டில் 304-க்கு இரண்டு கிலோ இறங்கியிருப்பதைப் பார்த்தால் 303-க்கு மனசு கேட்காது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெஞ்சு நண்பர்கள் "என்ன சார், இளைச்சுட்டீங்களே" என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஆறு வாரம் இழுத்தேன். அந்த சார்ட்டை எடுத்துவிடுங்கள். ஃபிளாட் எண் போட்டு எடை எழுத வேண்டாம்.

(இந்த இடத்தில் குழுவின் பொறுப்பாளர் எழுந்து, சார்ட்டை எடுத்துவிடுவதாகச் சொன்னார். அதற்குப் பதிலாக அங்கே சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியதை ஒட்டலாம் என்று பொருளாளர் சொன்னார். ஒட்டியும்விட்டார்கள்.)

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் தன்னார்வலர் அம்மா அடுத்த முறை வரும்போது, பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் செக்யூரிட்டியிடம் பெயர் கொடுத்து வையுங்கள். மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். யார் எந்த மாத்திரை என்று நான் கேட்க மாட்டேன்.

வரும் பௌர்ணமிக்குக் காலை ஐந்தரைக்குக் கேட்டில் கூடுகிறோம். இட்லி சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் மட்டும். என் இடது பையில் சர்க்கரைப் பொட்டலம் நாலு இருக்கும். குபேர லிங்கத்துக்கு முன்னால் அந்த டீக்கடையில் பத்து நிமிடம் நிற்போம், அந்த அம்மாவுக்கு நான் இன்னும் அந்தத் தண்ணீர் பாட்டிலுக்கான சில்லறைக் கணக்கு முடிக்கவில்லை. அன்று மீதியை வாங்கினேனா, கீழே போட்டேனா என்று இதுவரை தெரியாது. அவர் வாங்கினேன் என்கிறார்.